பதினோராம் படி

ஆள் அசைந்தால்தான் எரியும் விளக்கு அது. சோதனை அறையின் கூரையில் வெள்ளைக் குமிழ் ஒன்று பதித்திருக்கும். உள்ளே யாராவது நடந்தாலோ, கையைத் தூக்கினாலோ, குனிந்து நிமிர்ந்தாலோ அது பார்த்துவிட்டு விளக்கைப் போடும்; நாலு நிமிடம் எதுவும் அசையாவிட்டால் அணைத்துவிடும். விரல் அசைவையெல்லாம் அது பொருட்படுத்தாது. ஐந்து வாரமாகப் பூட்டிக் கிடக்கும் அந்த அறையின் கதவுக்கடியில், மாலை ஐந்தே முக்காலுக்கு, ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது.

தண்ணீர் பிடிக்கப் போனவன் பாட்டிலோடு அப்படியே நின்றான். அறையின் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. மழை பிடித்துக்கொண்டதில் நடைவழி நேரத்துக்கு முன்பே இருட்டியிருந்தது. நாற்காலிகளைத் தள்ளும் சத்தம், டிபன் டப்பாவை மூடும் சத்தம், லிஃப்ட் கதவு இழுத்து மூடும் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். நாலு நிமிடத்தில் வெளிச்சம் போனது. ஏதோ வயர் கோளாறு, மழையில் இதெல்லாம் சகஜம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தான்.

மறுபடி எரிந்தது.

அவனை அலுவலகத்தில் ரைட்டர் என்று கூப்பிடுவார்கள். கதை கட்டுரை எழுதுகிற ரைட்டர் இல்லை. கம்ப்யூட்டர் மேல் வைக்கும் சிறிய கேமராவையும், தூரத்தில் இருப்பவர்களோடு முகம் பார்த்துப் பேசுவதற்கான மென்பொருளையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிற நிறுவனம் அது. பெட்டியைத் திறந்ததும் முதலில் கைக்கு வரும் மடித்த தாள் அவன் எழுதியது. அந்த மென்பொருளைக் கம்ப்யூட்டரில் எப்படி நிறுவுவது என்று, மவுஸைப் பிறவியில் தொட்டிராதவருக்கும் புரிகிற மாதிரி, பன்னிரண்டு படிகள். நன்றாக எழுதிய தாளை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். மோசமாக எழுதினால் போன் வரும்.

இன்று வந்தது.

“காலைலேர்ந்து நாப்பத்தேழு போன், ரைட்டர்,” என்றாள் பிரிவுத் தலைவி, மத்தியானம். “எல்லாரும் பதினொண்ணுலயே நிக்கறாங்க. ஒரு பெரியவர் ஒம்போது மணிக்கு உக்காந்தவர், எழுந்து சாப்பிடலாமான்னு கேக்கறார்.”

தாளுக்குப் படம் வரைகிறவன், எதையும் கட்டத்துக்குள் அடைத்துவிடுவதால் கட்டம் என்று பெயர் வாங்கியவன், திரையிலிருந்து தலையைத் தூக்கினான். “எதையும் தொட வேண்டாம்னு இவர்தானே எழுதி வெச்சிருக்காரு. சாப்பாட்டுத் தட்டைத் தொடலாமா கூடாதான்னு சந்தேகம் வந்திருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் உதட்டை இழுத்து வைத்தான்.

“டெஸ்ட்ல இது வரலையா?” என்றாள் தலைவி.

“வரல, மேடம்.”

“சிக்கல் எதுவும் இல்லைன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க…” சோதனை அறிக்கையின் தேதியைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. “ஓ. அன்னைக்கு உங்க அக்காதானே உக்காந்தாங்க. சரி, விடுங்க. காலைல அச்சுக்குப் போகணும். இன்னைக்கே அந்தப் படியை மாத்தி, யாரையாவது ஒரு தடவை உக்கார வெச்சுப் பாத்துடுங்க.”

பதினோராம் படி இதுதான்: ‘திரையில் உள்ள பட்டை முழுவதும் நிரம்பும் வரை காத்திருக்கவும். அதுவரை எதையும் தொட வேண்டாம்.’

பட்டை தொண்ணூற்றிரண்டில் நின்றுவிடும். கேமராவின் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினால் ஓடும். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். செய்கிறோம் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிடுகிற மாதிரி, வாய் வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும்போதே கை பின்னால் போகும், பிடுங்கும், செருகும். நூறு தடவை நிறுவிப் பார்த்த அவன் கைக்கும் அதே பழக்கம். கை செய்ததைத் தலை கவனிக்கவில்லை. தலை கவனிக்காதது தாளில் ஏறவில்லை.

இப்படி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கத்தான் சோதனை என்று ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரே தெரியாத ஒருவரைக் கூட்டிவந்து, தாளைக் கையில் கொடுத்து உட்கார வைப்பார்கள். எழுதியவன் அவருக்குப் பின்னால் இன்னொரு நாற்காலியில், நோட்டுப் புத்தகத்தோடு. அவனுக்கு ஒரே விதி: வாயைத் திறக்கக்கூடாது. தாள் யார் வீட்டுக்கோ போகும்போது எழுதியவன் கூடவே போகப்போவதில்லை. அதனால் உட்கார்ந்திருப்பவர் திணறட்டும், திட்டட்டும், அழட்டும். நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான்.

அந்த விதியை அலுவலகத்தில் கொண்டுவந்தவனே அவன்தான்.

அக்கா முப்பது வருடம் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள். அவனைப் படிக்க வைத்தவள். ஒரு தடவை ஊசி இடது கை ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்துக்கொண்டு போய், அன்றிலிருந்து அந்த நகம் இரண்டாகப் பிளந்தே வளர்ந்தது. லீவு நாளிலும் அவள் மேல் மெஷின் எண்ணெய் வாசனை அடிக்கும். சொன்னதைச் சொன்னபடி, ஒரு தையல் கூடுதல் குறைவில்லாமல் செய்கிறவள். சோதனைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று அவன்தான் கூட்டிவந்தான். மகள் வேலைக்காக வெளியூர் போயிருந்தாள். கற்றுக்கொண்டால் தினமும் அவள் முகம் பார்த்துப் பேசலாம் என்று ஆசை காட்டினான்.

“நான் ஏதாவது உடைச்சுட்டா என்னடா பண்ணுவே?”

“உடையாதுக்கா.”

“உடைஞ்சா நீதான் ஒட்டணும். எனக்குத் துணிக்குத்தான் ஒட்டுப்போடத் தெரியும்.”

“அக்கா, நான் உன் பின்னாடிதான் இருப்பேன். ஆனா நீ என்ன கேட்டாலும் பேச மாட்டேன். கோச்சுக்கக்கூடாது.”

“சின்ன வயசுல வாயை மூடுடான்னா கேட்டியா? இப்பவாவது மூடு.”

அவள் வரிக்கடியில் விரலை ஓட்டி, உதடு அசையப் படித்தாள். ஒவ்வொரு படி முடிந்ததும் பென்சிலால் ஒரு டிக். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகும் கொண்டையும்தான். பத்தாம் படியை முடித்து டிக் அடிக்கும்போது பென்சில் கையிலிருந்து நழுவி உருண்டு போனது. அவள் குனிந்து எடுக்கவில்லை. பாதி திரும்பினாள்.

“தம்பி, எனக்கு…”

அவன் தலையை ஆட்டினான். உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினான். தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி ஒரு பாதிச் சிரிப்போடு அவள் திரும்பிக்கொண்டாள். பாதிச் சிரிப்பு என்றுதான் அன்று நினைத்தான்.

அவன் நோட்டில் எழுதியிருப்பது இது:

‘11.31. படி 10 முடிந்தது. பேச முயல்கிறார். அனுமதிக்கவில்லை.
11.33. படி 11. காத்திருக்கிறார்.
11.40. பட்டை 92இல் நிற்கிறது. விரலால் மேசையைத் தட்டுகிறார். பொறுமை இழக்கிறார்.
11.49. தட்டுவது நின்றது. பழகிவிட்டார்.’

அதற்குள் விளக்கு நாலு தடவை அணைந்திருந்தது. நாலு தடவையும் கையைத் தூக்கி எரிய வைத்தது அவன். அவள் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. அதிலேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பதினொன்று ஐம்பத்தாறுக்கு, தாளின் ஓரம் நனைந்து சுருங்குவதைப் பார்த்தபிறகுதான் எழுந்து போனான். அவள் வாயோரத்திலிருந்து எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

“பக்கவாதம். எப்ப ஆரம்பிச்சுது?” என்றார் டாக்டர். “நேரம் முக்கியம். யோசிச்சுச் சொல்லுங்க.”

“இப்பதான் சார். கொஞ்சம் முன்னாடி.”

அவள் சாயங்காலம் போய்விட்டாள். பதினோராம் படியில் சிக்கல் என்று எழுதினால் எத்தனை நிமிடம் என்று கேட்பார்கள். சிக்கல் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவளுடைய டிக்குகள் இருந்த தாளைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். நோட்டை மட்டும் கிழிக்கவில்லை. ஏன் என்று அவனைக் கேட்டால் தெரியாது.

இப்போது அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தபோது போன் அடித்தது. அக்கா மகள்.

“மாமா, ஆபீஸ்லயா?”

“ம். கிளம்பணும்.”

“சும்மாதான் பண்ணேன். ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அம்மா கடைசியா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லலம்மா. சட்டுனு ஆயிடுச்சு.”

“வலிச்சிருக்குமா மாமா?”

“வலிக்க நேரமே இல்லம்மா.”

“அது போதும்.” மூக்கை உறிஞ்சினாள். “ரெண்டு வார்த்தை ஏதாவது சொல்லியிருந்தா அதையே வெச்சுக்கிட்டு ஓட்டிடுவேன். சரி, பரவாயில்ல. அது என்ன சத்தம், யாரோ கதவைத் தட்டறாங்களா?”

“மழைம்மா.”

போனை வைத்தான். மழை விட்டு ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

டக்.

கதவுக்கு அந்தப் பக்கம். மரத்தின் மேல் ஏதோ சின்னதாக, கெட்டியாக. அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. இனி வராது என்று மனசு சொல்லும் அளவுக்கு இடைவெளி.

டக்.

அவன் ஓடிப்போயிருக்கலாம். படிக்கட்டு பத்தடி தூரத்தில் இருந்தது, கீழே காவலாளியின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆனால் ஓடி எங்கே போவது? இந்த ஐந்து வாரமாக அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பஸ் ஜன்னலில், தலையணைக்கு அடியில் இருக்கும் கடிகாரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது இதே சத்தம்தான். யாரோ எங்கேயோ அவன் எழுதின வரிக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு. மத்தியானம் அந்தப் பெரியவர் எழுந்து சாப்பிடலாமா என்று கேட்டதாகத் தலைவி சொன்னபோது, சிரிப்புக்கு நடுவில் அவன் உதட்டை மட்டும் இழுத்து வைத்தது அதனால்தான். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். பட்டை நிரம்பும் வரை காத்திருக்கவும் என்று சொன்னவன் அவன். பட்டை நிரம்பவே இல்லை. எழுந்து போகலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

தன் மேசைக்குப் போனான். இருண்ட கூடத்தில் அவன் திரை ஒன்றுதான் எரிந்தது. தாளைத் திறந்து பதினொன்றுக்குக் கீழே எழுதினான்: ‘பட்டை பாதியில் நின்றுவிட்டால், கேமராவின் வயரைக் கழற்றி, மறுபடியும் செருகவும்.’ ஏழு நிமிடம் ஆனது. எழுதியது மூன்று நிமிடம். மீதி நேரம் வரிக்கடியில் விரலை ஓட்டிப் படித்துப் பார்த்தான். இழுப்பறையிலிருந்து பழைய நோட்டை எடுத்துக்கொண்டு அச்செடுத்தான். தாள் சூடாக வந்தது. அந்தச் சூடு கையில் இருக்கும்போதே நடந்துபோய்ச் சாவியைப் போட்டுத் திருப்பினான்.

முதலில் வந்தது வாசனை. மூடிக் கிடந்த அறையின் புழுக்கம், கம்பளத்தின் ஈர வாடை, அதற்கெல்லாம் மேலே கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் இரும்புமாக மெஷின் எண்ணெய். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறையில் யாரும் இல்லை. சோதனை நாற்காலி மேசையை ஒட்டி இழுத்துப் போட்டிருந்தது, அவன் அதைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டுத்தான் பூட்டினான். கம்ப்யூட்டர் மெல்ல முனகியபடி ஓடிக்கொண்டிருந்தது, அதன் பிளக்கை அவன் கையாலேயே பிடுங்கியிருந்தான். திரையில் நீலப் பட்டை. தொண்ணூற்றிரண்டு.

மேசையில் ஒரு தாள். ஒன்பது டிக். பத்தாவது டிக் கீழே இறங்கி, மேலே ஏறாமல், தாளின் ஓரம் வரைக்கும் கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஓரம் நனைந்து சுருங்கியிருந்தது.

அவன் புதுத் தாளை அதன் மேல் வைத்தான். வயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவனே பிடுங்கிச் செருகியிருக்கலாம். அக்கா, எழுந்துக்கோ, போதும் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அவன் வாய் திறந்ததே கிடையாது. பின்னால் போனான், தன் நாற்காலியில் உட்கார்ந்தான், நோட்டை மடியில் வைத்துக்கொண்டான். வேறு எப்படி இருப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு நிமிடம். காலி நாற்காலியின் முதுகில் ரெக்சின் கிழிந்த இடத்தில் பஞ்சு எட்டிப் பார்த்தது. இரண்டு. தட்டும் சத்தம் நின்றிருந்தது. மூன்று. கூரையில் குமிழ். அவன் அசையவில்லை. எதுவும் அசையவில்லை.

நாலு.

விளக்கு அணைந்தது.

திரையின் நீல வெளிச்சத்தில் நாற்காலி காலியாக இல்லை.

கொண்டை. குனிந்த தோள். வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து.

அவன் கையைத் தூக்கவில்லை.

தாளில் விரல் ஊர்கிற சத்தம். சொரசொரவென்று. நின்றது. திரும்ப அதே வரியின் முதலிலிருந்து. அவள் எப்போதும் இரண்டு தடவை படிப்பாள். உதடு ஒட்டிப் பிரிகிற ஈரச் சத்தம். ஒரு பக்கம் மட்டும்.

இடது கை எழுந்தது. கேமராவின் பின்னால் போனது. தடவியது. பிளந்த நகம் பிளாஸ்டிக்கில் கீறியது.

பிடுங்கியது.

செருகியது.

தொண்ணூற்று மூன்று.

அவன் கண்ணில் நீர் முட்டியது. சரியாக எழுதியிருக்கிறான். முதல் தடவையிலேயே புரிந்திருக்கிறது. தொண்ணூற்றைந்து. அக்காவுக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும். தொண்ணூற்றெட்டு. இனி அவள் எழுந்து போகலாம். முடிந்தது, அக்கா. நூறு.

பன்னிரண்டாம் படி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவனே எழுதியது. ‘உங்கள் முகம் திரையில் தெரியும்.’

தெரிந்தது.

அன்று இருபத்து மூன்று நிமிடமும் அவன் பார்க்காத முகம். வலது பாதி உருகி இறங்கிய மெழுகு. வலது கண் எங்கேயோ. இடது கண் மட்டும் உயிரோடு, அகலத் திறந்து, நேராக. திரையில் அவளுக்குப் பின்னால், தோளுக்கு மேலே, சின்னதாக ஒருவன் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். அந்தக் கண் அவனைத்தான் பார்த்தது. அன்றும் பார்த்திருக்கும், திரைக் கண்ணாடியில் விழுந்த அவன் பிம்பத்தை, தட்டித் தட்டி. பயமோ கோபமோ அதில் இல்லை. தம்பி கவனித்துவிடுவான் என்கிற நம்பிக்கைதான் இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

வாயின் இடது பக்கம் அசைந்தது.

“தம்பி, எனக்கு…”

ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி. அவன் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அவனைவிட அதை நன்றாகச் செய்கிறவர் கிடையாது. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டால், சட்டுனு ஆயிடுச்சு என்று இனி யாரிடமும் சொல்ல முடியாது.

எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினான், கன்னத்தின் குளிர் முழங்கையில் பட்டது, வயரைப் பிடித்தான்.

பிடுங்கினான்.

ஒரு கணம் பிந்தி, பளீரென்று விளக்கு. காலி நாற்காலி. கிழிந்த ரெக்சின், பஞ்சு. மேசையில் புதுத் தாள். கீழே எங்கோ ரேடியோ பாடியது. திரையில் நீலப் பட்டை.

தொண்ணூற்றிரண்டு.

அவன் விழுந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டான். உட்கார்ந்தான். மூச்சு அடங்கும் வரை இருந்தான். பிறகு நோட்டைத் திறந்து, ஐந்து வாரத்துக்கு முந்தைய கடைசி வரிக்குக் கீழே, கோணல் இல்லாமல் எழுதினான்:

‘6.18. படி 11. காத்திருக்கிறார்.’

டக்.

நாலு நிமிடத்தில் விளக்கு அணைந்தது. அவன் கையைத் தூக்கவில்லை. நீல வெளிச்சத்தில் கொண்டையும், தாழ்ந்த வலது தோளும், மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிற ஒரு விரலும். பிடுங்கிய வயரின் நுனி அவன் கைக்குள்ளேயே இருந்தது.